வாத்து ஏகாம்பரத்துக்கு இன்னும் சேரவில்லை

மணி பதினொன்று பத்து. இன்னும் ஒற்றை டிக்தான். அணையின் ஷட்டர் மோட்டார் அறை வாசற்படியில் உட்கார்ந்து, போனை முழங்கால்மேல் வைத்து, வெயில் படாமல் கையால் மறைத்துப் பார்க்கிறேன். நான் பார்ப்பதால் அது சீக்கிரம் வந்துவிடப் போவதில்லை, தெரியும், தெரிந்துதான் பார்க்கிறேன். காலை ஒன்பது மணிக்கு அனுப்பியது. மேலே மூன்று சிவப்பு வட்டம், அதன் கீழே, இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு அணை திறக்கப்படும், ஆற்றுக்குள் இருப்பவர்கள் ஆடு மாடு வாத்தோடு உடனே கரை ஏறவும், லஸ்கர் மலர்க்கொடி. லஸ்கர் என்றால் பெரிய உத்தியோகம் ஒன்றும் இல்லை, ஷட்டருக்கு கிரீஸ் போடுகிற, அளவுகோலில் தண்ணீர் மட்டம் பார்த்து எழுதுகிற, அதிகாரி வந்தால் நாற்காலி துடைக்கிற வேலை. என் வீட்டுக்காரர் பார்த்தது, அவர் மஞ்சள் காமாலையில் போன பிறகு கருணை அடிப்படையில் எனக்கு வந்தது. ஆனால் இந்த வாட்ஸ்அப் குழு எனக்கு யாரும் கொடுத்ததில்லை, நானாக ஆரம்பித்தது. ‘ஆத்துத் தண்ணி’ என்று பெயர். என்னைத் தவிர அறுபத்தொரு பேர். செய்தியை அழுத்திப் பிடித்தால் யாருக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது, யாரெல்லாம் படித்தார்கள் என்று பெயர் பெயராகக் காட்டும். அறுபது பேருக்குச் சேர்ந்துவிட்டது. ஒரே ஒரு ஆளுக்குச் சேரவில்லை. அந்த ஒரு ஆளுக்குச் சேராதவரை இரண்டாவது டிக்கைப் போடமாட்டேன் என்கிறது. என்ன பிடிவாதம் பாருங்கள், எனக்கு அதனிடம் பிடித்ததே அதுதான். அந்த ஒரு ஆள் வாத்து ஏகாம்பரம்.

ஏகாம்பரத்துக்கு எண்ணூறு வாத்து, ஒரு பெண்டாட்டி, ஒரு நீலத் தார்ப்பாய். பெண்டாட்டி பேர் காசியம்மா. வாத்துக்காரருக்கு முகவரி கிடையாது, இன்றைக்கு இந்த மணல்திட்டு, நாளைக்கு அந்தத் திட்டு, எங்கே நத்தை கிடைக்கிறதோ அங்கே வலையைக் கட்டி இறங்கிவிடுவார். அணைக்குக் கீழே மூன்று நான்கு கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறார், அது தெரியும், போன வாரம் இரண்டாவது வளைவில் பார்த்தேன். ஆனால் அங்கே நாணல் ஆள் உயரம் வளர்ந்து கிடக்கிறது. கரை ரோட்டில் ஜீப்பில் போய் மைக்கில் கத்திக்கொண்டிருக்கிற வெங்கடேசனுக்கு நாணல் தெரியும், நாணலுக்குள் இருக்கிற ஏகாம்பரம் தெரியமாட்டார். எண்ணூறு வாத்து கத்துகிற இடத்தில் மைக் சத்தம் என்ன கேட்கும். ஷட்டரைத் தூக்கிய அரை மணி நேரத்தில் தண்ணீர் இரண்டாவது வளைவுக்குப் போய்விடும். போன் போட்டுப் பார்த்தேன், ஏழு தடவை, ஏழு தடவையும் அந்தப் பெண் அதே அமைதியோடு அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்கிறாள். அவளுக்கென்ன, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து என்றைக்கோ பேசி வைத்துவிட்டுப் போய்விட்டாள். மற்ற ஆளுக்கெல்லாம் ஊர், தெரு, கதவு எண் இருக்கிறது, போய்த் தட்டலாம். ஏகாம்பரத்துக்கு இருக்கிற கதவே அந்தப் போன் எண் ஒன்றுதான்.

மற்ற அறுபது பேரையும் இன்னொரு தடவை பார்க்கிறேன், மனப்பாடமாகிவிட்ட பெயர்கள்தான். நானே பதிந்து வைத்தது, தர்பூசணி சேகர், செங்கல் சூளை பாபு, சலவை முனிரத்தினம், எருமை பச்சையப்பன், கோரைப்பாய் நாகம்மா, தூண்டில் வாத்தியார். தூண்டில் வாத்தியார் நிஜமாகவே பள்ளிக்கூட வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆற்றுக்குள் மீன் பிடிக்க வந்துவிடுவார், சம்சாரத்துக்குத் தெரியக்கூடாதென்று குழுவில் வேறு பெயர் வைத்திருக்கிறார். போன் இல்லாதவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறவர் போன், அதற்கும் யாருக்கு யார் பொறுப்பென்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் மாதம் எல்லாரும் காலை வணக்கம் என்று ரோஜாப்பூ அனுப்பினார்கள். ரோஜாப்பூ அனுப்பினால் வெளியே தூக்கிப் போடுவேன் என்று சொன்னேன். மறுநாள் சூளை பாபு தாமரைப்பூ அனுப்பினார். தூக்கிப் போட்டேன், நான்கு நாள் கெஞ்சிய பிறகு சேர்த்துக்கொண்டேன். இப்போது யாரும் வாய் திறப்பதில்லை, கட்டை விரலை மட்டும் தூக்கிக் காட்டுகிறார்கள். இன்றைக்கும் நாற்பத்திரண்டு கட்டை விரல். எனக்குக் கட்டை விரல்மேல் நம்பிக்கை கிடையாது. கட்டை விரலை மனுஷர் போடுகிறார், படிக்காமலேகூடப் போடுவார், மரியாதைக்குப் போடுவார், பக்கத்து ஆள் போட்டாரே என்று போடுவார். டிக்கை எந்த மனுஷரும் போடமுடியாது. சேர்ந்தால் சேர்ந்தது என்னும், சேராவிட்டால் சேரவில்லை என்னும். மலர்க்கொடி மனசு கஷ்டப்படுமே என்று ஒரு டிக்கைக் கூடுதலாகப் போட அதற்குத் தெரியாது.

சொல்டேன். இந்த ஒரு வார்த்தையை எங்கே கேட்டாலும் எழுந்து போய்விடுவேன். ஆறு வருஷம் முன்னால் இதே வாசற்படி, இதே பகல் நேரம், குழுவும் கிடையாது ஒன்றும் கிடையாது, நெல்வாய்க்குப்பத்துத் தலையாரி குப்புசாமியிடம் தகவல் கொடுத்து, அவர் சைக்கிளில் போய்விட்டு வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “சொல்டேம்மா. எல்லாருக்கும் சொல்டேன்.” நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. நோட்டைத் திறந்து, ஆற்றில் இருப்போர் அனைவருக்கும் தகவல் தெரிவிக்கப்பட்டது என்று அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன், என் கையெழுத்து இருந்தால்தான் ஷட்டர் பட்டனைத் தொடலாம் என்பது இங்கே விதி. பசுவுக்குப் புல் அறுக்கப் போன ரேணுகாவுக்கு யாரும் சொல்லவில்லை. குப்புசாமி பொய் சொன்னார் என்று சொல்லமாட்டேன், அதுதான் இதில் கொடுமை. அவர் டீக்கடையில் நான்கு பேர் காதில் போட்டிருக்கிறார், எங்கள் பக்கம் டீக்கடையில் போட்டுவிட்டால் ஊருக்கே சொன்னமாதிரி, கல்யாணத்துக்கும் அப்படித்தான் சாவுக்கும் அப்படித்தான். அந்த நான்கு பேரும் மற்றவர் சொல்லியிருப்பார் என்று நினைத்திருக்கிறார்கள். யாரைக் கேட்டாலும் சொல்டேன், சொல்டேன், சொல்டேன். ரேணுகாவை மறுநாள் மூன்றாவது வளைவில் எடுத்தார்கள். புல்லுக்கட்டின் கயிறு கையிலேயே சுற்றியிருந்தது. விசாரணையில் என்மேல் தப்பில்லை என்று எழுதினார்கள், தகவல் தெரிவிக்கப்பட்டது என்று கையெழுத்து இருக்கிறதே, அதனால் தப்பில்லையாம். நான் பார்த்துப் பயந்த கையெழுத்து என்னுடையதுதான்.

பதினொன்று இருபத்தைந்து. வேண்டாம், ரேணுகாவை இப்போது நினைக்கவேண்டாம், வேறு எதையாவது நினை. சுரங்கத்தை நினைக்கலாம். அணையின் வயிற்றுக்குள் ஒரு சுரங்க நடை இருக்கிறது, கசிவு அளக்க வாரம் ஒரு தடவை இறங்குவேன், நூற்றுப் பன்னிரண்டு படி, உள்ளே ஒரு கோடு சிக்னல் கிடையாது, சுவரிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். ஒரு மணி நேரம் நான் உலகத்தில் இல்லாதமாதிரிதான். மேலே ஏறி வந்து வெளிச்சத்தில் நிற்கிறேன், இடுப்பில் போன் துடிக்கிறது, ஒன்று இரண்டு மூன்று, ஒருத்தரும் விட்டுப்போகாமல், யார் முதலில் அனுப்பினாரோ அவர் முதலில். முதல் தடவை அப்படியே நின்றுவிட்டேன். இவ்வளவு நேரம் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தது? யாரிடம் கொடுத்து வைத்தது? ஏ.இ. சாரைக் கேட்டேன், எங்கள் உதவிப் பொறியாளர் இளஞ்சேரன், சின்ன வயசு, கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்லுவார். எங்கேயோ பெரிய பெரிய கம்ப்யூட்டர் இருக்குதுக்கா, உங்க போன் உயிரோட வர்ற வரைக்கும் அது பத்திரமா வெச்சிக்கும், முப்பது நாள்கூட வெச்சிக்கும், நடுவுல யாரும் படிக்கமுடியாது, பூட்டியே அனுப்பும், பூட்டியே குடுக்கும் என்றார். எனக்கு அன்றைக்கு முழுக்க அதுவே நினைப்பு. யாரென்றே தெரியாத இந்த மலர்க்கொடியின் இரண்டு வரியை, அதில் என்ன இருக்கிறதென்று எட்டிப் பார்க்காமல், சலிக்காமல், மேலே கீழே சேர்க்காமல், ஏகாம்பரம் வருகிறவரை கையில் வைத்துக்கொண்டு நிற்கிற ஒன்று. எங்கள் சொந்தத்தில் அப்படி ஒரு ஆளைக் காட்டுங்கள். என் நாத்தனாரிடம் மோர்க்குழம்பு நல்லாருக்கு என்று சொல்லி அனுப்பினால் மாமியாரிடம் போய்ச் சேரும்போது அது உப்பில்லை என்று ஆகியிருக்கும். இதைக் கண்டுபிடித்தவர் எந்த ஊரோ என்ன சாப்பிடுவாரோ, எதிரில் வந்தால் காலில் விழுவேன், வெட்கப்படமாட்டேன்.

இப்போதும் அது வைத்துக்கொண்டுதான் நிற்கிறது. அதில் சந்தேகமே இல்லை. என் மூன்று சிவப்பு வட்டமும் எங்கேயோ ஒரு இடத்தில், ஏகாம்பரத்தின் போன் கண்ணைத் திறந்தால் போதும் என்று தயாராக நிற்கிறது. அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, நான்தான் பரபரக்கிறேன். பொம்மிகூட இதையேதான் சொல்லுவாள், பொம்மி என் மகள், ஓசூரில் கம்பெனி வேலை. ஏம்மா எப்பப்பாத்தாலும் போனைப் பாத்துக்கினு, போனா போவும்மா. அவளுக்கு நான் முந்தாநாள் அனுப்பியதற்குப் பதில் இல்லை, ஆனால் நீல டிக் வந்துவிட்டது, இரவு பத்தேமுக்காலுக்குப் படித்திருக்கிறாள். எனக்கு அது போதும். மற்ற அம்மாக்கள் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை என்று புலம்புகிறார்கள், எனக்கு அந்த வருத்தமே வராது. படித்தாள் என்றால் ஷிப்ட் முடிந்து ரூமுக்கு வந்துவிட்டாள், கையும் கண்ணும் நன்றாக இருக்கிறது, போனில் சார்ஜ் இருக்கிறது. அந்த இரண்டு நீலக் கோட்டுக்குள் இவ்வளவு நல்ல சேதி இருக்கும்போது பதில் எதற்கு. சார்ஜ். ஏகாம்பரத்தின் போனில் சார்ஜ் இல்லை, அதுதான் விஷயம், வேறொன்றும் இருக்காது. தண்ணீரில் விழுந்திருக்குமோ? விழுந்திருந்தால் முப்பது நாள் ஆனாலும் சேராதே. சீ, சார்ஜ்தான்.

சைரன் அலறுகிறது, பதினொன்றரை. மோட்டார் அறைக் கூரையில் இருந்த புறாக்கள் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி அங்கேயே உட்காருகின்றன, அவற்றுக்கே சைரன் பழகிவிட்டது, மனுஷருக்குப் பழகாதா. மாசம் ஒரு தடவை சோதனைக்கு ஊதி ஊதி, ஊதினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டாவது வளைவு தாண்டினால் கேட்பதும் இல்லை. அப்படியே காதில் விழுந்தாலும் யார் காதில் விழுந்தது என்று சைரன் வந்து எனக்குச் சொல்லுமா? கத்திவிட்டு ஓய்ந்துவிடும். வெங்கடேசனைக் கூப்பிட்டேன். “கண்ணுக்கு ஆப்டலக்கா. தார்ப்பா கெடந்த எடத்துல தார்ப்பா இல்ல. அவரு எப்பவோ ஏறிப் போயிருப்பாரு, வுடுக்கா.” போயிருப்பார். சொல்லியிருப்பார்கள். கேட்டிருக்கும். இந்த இருப்பார் இருக்கும் எல்லாவற்றையும் கொண்டுபோய் ஷட்டருக்கு அடியில் போட்டுத் தண்ணீரைத் திறந்தால் தேவலை. தார்ப்பாய் இல்லையென்றால் வேறு திட்டுக்கு மாறியிருக்கிறார், ஏறினார் என்று யார் சொன்னது. ஏறினால் எனக்குச் சொல்லுவார். மூன்று வருஷத்தில் ஒரு தடவை சொல்லாமல் இருந்ததில்லை. அவருக்கு எழுத்துத் தெரியாது, சிவப்பு வட்டம் மட்டும் தெரியும், மூன்று வட்டத்தைப் பார்த்தால் உடனே குரலில் அனுப்பிவிடுவார், ஏறிட்டேம்மா, அவ்வளவுதான், இரண்டு நொடி, அதில் ஒன்றரை நொடி வாத்துச் சத்தம்.

ஏ.இ. சார் வருகிறார். காதில் ஒரு போன், கையில் ஒரு போன், சட்டை முதுகில் ஒட்டியிருக்கிறது. மேலே மலையில் மூன்று நாளாக மழை, வருகிற தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. “என்னக்கா, நோட்டு ரெடியா?” என்றார். ஒருத்தருக்குச் சேரவில்லை சார் என்றேன். போனை வாங்கிப் பார்த்தார். “அறுபத்தொண்ணுல அறுபது. சூப்பர்க்கா. வேற எந்த அணையிலயும் இப்படிக் கிடையாது, நான் மீட்டிங்ல எல்லாம் சொல்றேன்.” நான் சொன்னேன், “அந்த ஒருத்தர்கிட்டப் போயி சூப்பர்னு சொல்லமுடியாதே சார்.” அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “பன்னெண்டரை வரைக்கும் நான் சமாளிக்கிறேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட என்னால முடியாதுக்கா. மூணு ஷட்டர் தூக்கறதுக்குப் பதிலா அஞ்சு தூக்கவேண்டி வரும், அப்புறம் கரையோர ஊருங்களுக்கே ஆபத்து.” அதுவும் உண்மைதான். அவர் சொல்லுவதும் உண்மை, என் போன் சொல்லுவதும் உண்மை, பன்னிரண்டரையும் உண்மை. இதில் பொய்யாக இருக்கக்கூடியது என் கையெழுத்து ஒன்றுதான்.

பதினொன்று நாற்பது. பதினொன்று நாற்பத்திரண்டு. அழுத்திப் பிடித்து, பெயர்ப் பட்டியலைத் திறந்து, மூடி, திறந்து. குழுவில் இன்னொரு செய்தி போட்டேன், வாத்து ஏகாம்பரம் எங்கே, பார்த்தவர் சொல்லவும். ஐம்பத்தைந்து பேருக்குச் சேர்ந்தது, முப்பது பேர் படித்தார்கள், பதினொரு கட்டை விரல் வந்தது. எங்கே என்று கேட்டால் கட்டை விரலைக் காட்டுகிறவர்களை என்ன செய்வது. நாகம்மா மட்டும் குரலில் அனுப்பினாள், “காலைல காசியம்மா தனியா போறதப் பாத்தேன்க்கா, எங்கன்னு கேக்கல.” தனியாக. ஏன் தனியாக? வாத்துக்கு ஒரு ஆள் போதும், இன்னொரு ஆள் ஊருக்குள் போய் அரிசி வாங்குவார், அப்படித்தான் இருக்கும். அப்படியானால் ஏகாம்பரம் தனியாக நாணலுக்குள். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் வேறு. சரி, ஒருவேளை சிக்னல் கோபுரத்திலேயே கோளாறோ, செய்தியே தப்பிவிட்டதோ? இல்லை. மூன்று வருஷத்தில் நூற்று நாற்பது தடவை அனுப்பியிருக்கிறேன், ஒரு தடவை ஒரு ஆளுக்கு வழியில் தொலைந்ததில்லை. தாமதமாகியிருக்கிறது, தொலைந்ததில்லை. புயல் வந்து நான்கு நாள் கரண்டு இல்லாதபோதுகூட ஐந்தாம் நாள் விடியற்காலை ஒவ்வொருவருக்காகப் போய்ச் சேர்ந்ததை நான் உட்கார்ந்து பார்த்தேன், ஒவ்வொரு பெயராக எழுந்து வந்து நின்றது, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது ஏமாற்றாது. நாம் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லாது, அவ்வளவுதான்.

பதினொன்று ஐம்பத்து மூன்று. வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன், இரண்டு டிக். இரண்டு டிக்! கல்மாதிரி கிடந்த போன் எழுந்து உட்கார்ந்துவிட்டது, ஏகாம்பரம் என்ற பெயர் சேர்ந்தவர்கள் பட்டியலில் வந்து நிற்கிறது, என் தங்கமே, என் ராசா, முந்தானையால் போனைத் துடைத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன், யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள், சிரிக்கட்டும். சார் சார் என்று கத்தினேன். பெயர் நகர்ந்தது, படித்தவர்கள் பட்டியலுக்குப் போய்விட்டது, நீலம். மூன்று மணி நேரமாகத் தூக்கிக்கொண்டு நின்றதைக் கையில் கொடுத்துவிட்டு, கொடுத்துவிட்டேன் என்று எனக்கும் வந்து சொல்லிவிட்டது. ஏ.இ. சார் சிரித்துக்கொண்டே நோட்டை நீட்டினார், பேனாவும் கொடுத்தார். நான் வாங்கினேன். எழுத ஆரம்பித்தேன். ஆற்றில் இருப்போர். எழுதிக்கொண்டே காது மட்டும் போன் பக்கம் இருந்தது. ஒன்று வரவேண்டுமே. வாத்துச் சத்தம் வரவில்லையே. இரண்டு நொடிதான் ஆகும் அவருக்கு, படித்தவுடன் அனுப்புவார், படித்து இரண்டு நிமிஷம் ஆகிவிட்டது. ஓடிக்கொண்டிருப்பார், ஏறிவிட்டு அனுப்புவார். இருப்பார். அனுப்புவார். பேனாவை நோட்டின்மேல் வைத்துவிட்டு அவர் நம்பரைத் தட்டினேன், இந்தத் தடவை மணி அடித்தது, அந்தக் குளிர்ந்த பெண் இல்லை, நிஜமான மணி.

“அலோ” என்றது ஒரு குரல். ஏகாம்பரம் இல்லை. பின்னால் வாத்து இல்லை, லாரி ஹாரன் கேட்டது. யாருங்க என்றேன். “நீங்க யாருங்க?” அணையிலிருந்து லஸ்கர் பேசறேன், இது ஏகாம்பரத்தோட போன்தானே? “ஆமாம்மா, வாத்துக்காரரு போனு. காலைல அந்தம்மா வந்து சார்ஜ் போடச் சொல்லிக் குடுத்துட்டுப் போச்சு. இது பஞ்சர் கடை, ரோட்டு மேல. கரண்டு இப்பதான் வந்துச்சு, தானா லைட் எரிஞ்சுது. ஏதோ செவப்பா வந்துச்சேன்னு நான்தான் தொட்டேன்.” படியில் உட்கார்ந்தேன். வாத்துக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான், ஆற்றுக்குள் ஏது கரண்டு, பஞ்சர் கடையிலோ அரவை மில்லிலோ போனைக் குடுத்துவிட்டுப் போவார்கள், எனக்குத் தெரியும், தெரிந்தும் அவர் கையில் சேர்ந்துவிட்டதாக நானாக நினைத்துக்கொண்டேன். அது போனுக்குச் சேர்ந்தது என்றுதான் சொன்னது. தொட்டது யார் என்று அது சொல்லவே இல்லை. அது ஒரு எழுத்துப் பொய் சொல்லவில்லை, மிச்சத்தை நான்தான் சேர்த்து எழுதினேன், நோட்டில் பாதி எழுதியும் விட்டேன். அந்த மனுஷரிடம் சொன்னேன், அண்ணே, அரை மணியில ஆத்துல தண்ணி வரும், வாத்துக்காரரு உள்ள இருக்காரு, அவருக்குத் தெரியாது, நீங்க கொஞ்சம் போயி. நான் முடிக்கவில்லை. அவர், “எந்தப் பக்கம்?” என்றார். எனக்குத் தெரியாது என்றேன். “அந்தம்மா கெழக்கால எறங்கிப் போச்சு. கடையில லாரி டயரு கழட்டிப் போட்டுக் கெடக்குதும்மா.” வைத்துவிட்டார்.

பன்னிரண்டு. பன்னிரண்டு மூன்று. கடைசி சைரன் ஊதியாகிவிட்டது, மறுபடி ஊதினேன். போவாரா? கடையை விட்டுவிட்டு, லாரிக்காரர் திட்டத் திட்ட, யாரோ ஒரு வாத்துக்காரருக்காக யாரோ ஒரு பொம்பளை போனில் சொன்னாள் என்று போவாரா? நாணல் ஓரம் நின்று இரண்டு தடவை ஏய் என்று கூப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டால்? அவர் போனாரா என்று பார்க்க அவர் நெற்றியில் டிக் வருமா? ஆறு வருஷமாக மனுஷர் வாயை நம்பாமல் இருக்கத்தான் இவ்வளவையும் கட்டினேன், இப்போது ஒரு முகம் தெரியாத வாய் தவிர எனக்கு வேறு வழி இல்லை. ஏ.இ. சார் பட்டனுக்குப் பக்கத்தில் நிற்கிறார், மேலிடத்திலிருந்து அழைத்துக்கொண்டே இருக்கிறார்கள், ஆமா மேடம், இதோ மேடம், மோட்டார் சின்னதா கோளாறு மேடம் என்று எனக்காகப் பொய் சொல்கிறார். பன்னிரண்டு பதினைந்து. பாதி எழுதிய வரியைப் பார்க்கிறேன். பன்னிரண்டரைக்குக் கையெழுத்துப் போட்டாலும் தப்பு, போடாவிட்டாலும் தப்பு, போடாவிட்டால் கரையோர ஊர். ரேணுகாவின் பசு அப்புறம் பால் கொடுக்கவே இல்லை, விற்றுவிட்டார்கள். பன்னிரண்டு இருபது. இருபத்திரண்டு. மணி அடித்தது.

“சொல்டேம்மா” என்றார் பஞ்சர் கடைக்காரர். மூச்சு வாங்கியது. அதே வார்த்தை. நான் கத்திவிட்டேன், “யார்கிட்டச் சொன்னீங்க? அவர்கிட்டயேவா? அவர்கிட்டக் குடுங்க, அவரு பேசணும், எனக்கு அவரு பேசணும்.” ஏ.இ. சார் என்னையே பார்க்கிறார். அப்புறம் ஒரு இரைச்சல், நூறு வாத்தா எண்ணூறு வாத்தா, காதையே அடைக்கிற இரைச்சல், அதற்குள்ளிருந்து அந்தக் குரல். “ஏறிட்டேம்மா.” காசியம்மா? “அவளும் இங்கதான் கீறா. நாணலுக்குள்ள இருந்தோம், ஒண்ணும் தெரில. இந்தாளு இடுப்பு மட்டும் சேத்துல வந்து கையப் புடிச்சி இழுத்தாரு.” வாத்து? “எல்லாம் கரைமேல. அல்லாத்தையும் இவருந்தான் ஓட்டினாரு.” அவரிடம் குடுங்க என்று மட்டும் சொன்னேன். மறுபடி அந்த மூச்சு. அண்ணே, உங்க பேரு என்னங்கண்ணே என்றேன், கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது, எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை, குழுவில் சேர்க்கவா, நோட்டில் எழுதவா, சாமி அறையில் சொல்லவா.

“பேரு என்னாத்துக்கும்மா” என்றார் அவர். “அவங்க ஏறிட்டாங்க. நீங்க தண்ணிய வுடுங்க.”

நான் வரியை முடித்துக் கையெழுத்துப் போட்டேன்.